கோட்டுக்கு ஓட்டு உண்டா?

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், பன்றிகள் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் அந்த நியூ ஹாம்ப்ஷயர் பனியில் யார் வீட்டு நிலவறையிலோ, யார் சோபாவிலோ காலை மடக்கிப் படுத்துக்கொண்டு சுகமாகத்தான் இருப்பாய் என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறோம், நீ நாலு வரி எழுதினால்தானே வேறு மாதிரி நினைக்க. இந்தக் கடிதத்தை நான் வேலைக்குக்கூடத் தாமதமாகப் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ஃபெர்ன் கோலாரிக். அவளுடைய அண்ணன் மகள் நீ இருக்கும் ஊரிலேயே செனட்டர் விட்டேக்கருக்காகக் கதவு தட்டிக்கொண்டிருக்கிறாள் அல்லவா, ஃபெர்ன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், என்னைப் பற்றிய வம்பு என்றால் அவளுக்குத் தொண்டைக்கட்டுகூடச் சரியாகிவிடும். அதனால் என் வாயாலேயும் கேட்டுக்கொள். திங்கட்கிழமை, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அவரவர் ஆளின் பக்கம் போய் நிற்கும் நம் ஊர்க் கட்சிக் கூட்டத்தில், உன் அம்மா உன் ஆள் கவர்னர் ஹாலோவெல்லின் பக்கம் நிற்கவில்லை. அதாவது, முதலில் நிற்கவில்லை. நான் நிற்காத இடத்தில் என் கோட்டு நின்றது. கோபப்படுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் கோபப்படுவது உன் அப்பா வழிப் பழக்கம்.

எனக்கு இந்த வேட்பாளர் போட்டி என்றால் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குத் தெரியும். நாட்டிலேயே முதல் ஓட்டு நம்முடையது என்பதால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, ஜனாதிபதி நாற்காலி ஆசை பிடித்த அத்தனை பேரும் நம் சோளக்காட்டுக்கு வந்து சேற்றில் காலை வைத்து, ஆஹா என்ன அருமையான சேறு என்கிறார்கள். அந்த ஒரு குளிர்காலம் மட்டும் நம் அயோவா உலகத்துக்கு நடுவில் இருக்கிறது, மற்ற நாளெல்லாம் வரைபடத்தை மடிக்கும்போது மடிப்பு விழுகிற இடம். இந்தத் தடவை ஐந்து பேரில் ஒருவரையும் நான் விடவில்லை. பல் டாக்டர் ஹேவர்கேம்ப்பிடம் இத்தனை வருஷமாக அடுத்தவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான், என் அரசியல் கருத்தை இன்றுவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை, பேசுகிற நிலையில் அவர்கள் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். ஆகவே நான் வேட்பாளர்களைப் பல்லை வைத்துத்தான் எடைபோடுவேன். செனட்டர் விட்டேக்கருக்கு மேல் வரிசை முழுக்க உறை போட்டது, பியானோக் கட்டை மாதிரி பளபளவென்று இருக்கும், கீழ் வரிசையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். கீழ் வரிசை அவர் பிறந்த ஊர், மேல் வரிசை அவர் போக ஆசைப்படும் ஊர் என்று ஃபெர்னிடமே சொன்னேன், அன்றிலிருந்து அவள் என் எதிரில் வாயை மூடியே சிரிக்கிறாள். இன்னொருவர், அந்தக் காங்கிரஸ் உறுப்பினர் ப்ரெண்டர்காஸ்ட், ஒரே பண்ணை விருந்தில் எனக்கு மூன்று தடவை கை கொடுத்து மூன்று தடவையும் உங்களை முதல்முறையாகச் சந்திப்பதில் மகிழ்ச்சி என்றார். உன் கவர்னர் ஹாலோவெல்லுக்குக் கோரைப்பல் ஒன்று கோணல், அதை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று இத்தனை வயதுவரை அவருக்குத் தோன்றவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது.

அவர் நம் சமையலறைக்குக் காபி குடிக்க வந்த அன்று நீயும்தான் இருந்தாய், பாத்திரம் துடைத்துக்கொண்டு. கடன் கட்ட முடியாமல் வங்கி நிலத்தை எடுத்துக்கொண்டால், நிலத்தில் நிற்கிற பயிர் யாருக்குச் சொந்தம் என்று நான் கேட்டேன். தெரியலம்மா, விசாரிச்சுச் சொல்றேன் என்றார். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள், போய்த் தொலையட்டும் என்று கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி இரண்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் மனுஷர் நேராகப் பல் ஆஸ்பத்திரிக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். நாற்காலியில் அப்போது வாயைப் பிளந்து கிடந்தவர் யார் தெரியுமா, நம் வங்கி மேலாளர். ஒரு கையில் குழாய், தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி, கவர்னர் சட்டம் சொல்லச் சொல்ல நான் அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன், மேலாளர் ஆ ஆ என்று கையை ஆட்டினார், வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன், ஐவரில் இவர்தான் ஆள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பிறகு நினைவு வைத்து விசாரித்தும் சொல்கிறவன் நூற்றுக்கு ஒருவன்கூட இல்லை. ஆனால் நான் தீர்மானிப்பதற்கு முன்பே நீ தீர்மானித்துவிட்டாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. அறுவடை முடிவதற்குள் விதைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் கிளம்பிவிட்டாய். நான் ரொட்டிதான் கட்டிக் கொடுத்தேன், அவர் என் மகளையும் சேர்த்து மூட்டைகட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீ போனதிலிருந்து எனக்கு இந்தப் போட்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் யார் என்ன பேசினார் என்று பார்ப்பேன், இப்போது யார் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஆறு மணிச் செய்தியில் உன் கவர்னர் ஒரு ஷூ தொழிற்சாலை வாசலில் பேசினார், அவர் தலைக்குப் பின்னால் ஒரு முழங்கை வந்து போனது. நம்ம ஜோலீன் என்று கத்தினேன். உன் அப்பா செய்தித்தாளுக்கு மேல் கண்ணை உயர்த்தி, அது ஆம்பளை முழங்கை என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா முழங்கை, நீ மாடிக் கைப்பிடியில் இடித்து இடித்தே அதற்கு ஒரு தனி மூஞ்சி வந்திருக்கிறது. மறுநாளும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன், முழங்கை வரவில்லை, ஆனால் செய்தித்தாளைப் புரட்டாமல் உன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன செய்கிறார் என்றால், காலையில் நம் ஊர் வானிலை முடிந்ததும் கிழக்குப் பக்கத்து வானிலையையும் கேட்டு வைத்துக்கொள்கிறார். தீவனக் கடையில் யாரோ இந்த வருஷம் பனி குறைச்சல் என்று சொல்ல, இவர் மான்செஸ்டர்ல எட்டு அங்குலம் என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். மான்செஸ்டர் எங்கே இருக்கிறது என்று கடை முழுக்க விவாதம் நடந்ததாகக் கேள்வி, அது உன் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கிறிஸ்துமஸ் அன்று நீ கூப்பிட்டபோது பின்னால் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், நீ ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாய். அயோவாவில் மூன்றாவது இடத்துக்குக் கீழே போய்விட்டால் கவர்னர் இந்தப் போட்டியிலிருந்து விலகிவிடுவார், கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் அவரவர் பாட்டுக்குக் கலைய வேண்டியதுதான், நான் வீட்டுக்கு வந்துடுவேன்மா என்றாய். நீ அழுகிற குரலில்தான் சொன்னாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்த வாக்கியத்தில் முதல் பாதி கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்துடுவேன்மா என்பது மட்டும் கேட்டது, போனை வைத்த பிறகும் கேட்டது, ஜனவரி முழுக்கப் பிறர் எச்சிலை உறிஞ்சும்போதெல்லாம் கேட்டது. என் நிலைமையை யோசித்துப் பார். ஐந்து பேரில் நாட்டை ஆளத் தகுந்தவர் ஹாலோவெல்தான் என்று மனசார நம்புகிறவள் நான். அவர் தோற்றால் என் மகள் வீட்டுக்கு வருவாள், ஜெயித்தால் இன்னும் ஒரு மாநிலம் தள்ளிப் போவாள். ஓட்டு போடுகிறவள் ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு அலைந்தால் எப்படியிருக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூட உணவறையில் நடக்கிற கூட்டத்தில் ஒரு ஆள் குறைந்தால் ஒருவர் ஜனாதிபதி ஆகாமல் போய்விடுவாரா என்று நீ சிரிப்பாய். எனக்கும் தெரியும். ஆனால் இந்த மாநிலம் முழுக்க அப்படி உணவறை உணவறையாகத்தானே கூட்டுகிறார்கள். சும்மா நின்றால் போதும், ஒரு பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒருவருக்கும் துரோகம் இல்லை, முடிவுசெய்யாதவர்கள் என்று ஒரு மூலையே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், போய் அங்கே நின்றுவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

திங்கட்கிழமை காலையில் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். உன் அப்பா வாசற்படியில் நின்று, யார் வர்றாங்க என்று கேட்டார். யாருமில்ல, தூசி என்றேன். தூசிக்குப் பூப்போட்ட விரிப்பா என்று கேட்கத் தெரியாத மனுஷன், போய்விட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போனோம். அவர்தான் பிறந்ததிலிருந்தே அடுத்த கட்சி ஆயிற்றே, அவர்கள் கூட்டம் தேவாலயத்து அடித்தளத்தில், என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் இறங்கும்போது கோட்டை வண்டியிலேயே விட்டுவிட்டேன். மறந்து அல்ல. நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய, ஹாலோவெல் பேர் போட்ட பிரசாரப் பொத்தான், ஒரு சாஸர் அளவுக்கு, அதில்தான் குத்தியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முடிவுசெய்யாதவர்கள் மூலையில் போய் நிற்க முடியுமா. ஸ்வெட்டரோடு குடுகுடுவென்று உள்ளே ஓடினேன், மூக்கு விழுந்துவிடும் போலக் குளிர்.

உணவறையில் வழக்கம்போல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள், வளர்ந்த மனுஷர்கள் எல்லோரும் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆர்வில்தான் இந்தத் தடவையும் கூட்டத் தலைவர், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு யாரையாவது வரிசையில் நிறுத்தினால்தான் சாப்பாடு இறங்குகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏழு பேராவது இருக்கணும், ஏழு இல்லைன்னா அந்தப் பக்கம் தேறாது, கலைஞ்சு வேற பக்கம் போயிடணும் என்று விதியைச் சொல்லி, அவரவர் பக்கம் போங்கள் என்றார். எல்லோரும் எழுந்து கலைந்தார்கள். விட்டேக்கர் பக்கம் பால் குளிர்பெட்டிக்கு அருகில், ஃபெர்ன் அங்கே நின்று கோழிக்குஞ்சுகளைக் கூப்பிடுவது போல ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹாலோவெல் பக்கம் ஜன்னலோரம். நான் யாரையும் பார்க்காமல் நேராகக் குப்பைத்தொட்டிப் பக்கம் போய், முடிவுசெய்யாதவர்களோடு நின்றேன். அங்கே நின்றவர்களைக் கேட்டால் சிரிப்பாய். ஃப்ளாய்டு ஜீமா, டார்லீனோடு மோதிரம் மாற்றிப் பதினொரு வருஷம் ஆகியும் கல்யாணத்தை முடிவுசெய்யாதவர், அவர் வேறு எங்கே நிற்பார். வா வில்மா, இங்க அவசரமே இல்ல என்று எனக்கு இடம்விட்டார். ஜன்னல் பக்கத்திலிருந்து உன் பழைய கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துக் கையசைத்தார், நான் எங்கோ தவறி நின்றுவிட்டேன் என்று நினைத்து, வழி காட்டுகிற மாதிரி. நான் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரட் கண்ணுக்கு நல்லதாம்.

ஆர்வில் எண்ணினார். ஹாலோவெல் பக்கம் ஆறு. எனக்குள் ஓட்டு போடுகிறவள் ஐயோ என்றாள், பெற்றவள் அப்பாடா என்றாள். அரைமணி நேரம் தரேன், பேசிக்கோங்க, மாறிக்கோங்க என்றார் ஆர்வில். அதன் பிறகு சந்தைதான். ஃபெர்ன் ஆப்பிள் பலகாரத் தட்டோடு என்னிடம் வந்தாள், ஏன் வில்மா, மக ஆளுக்கே நீ நிக்கலையா, வீட்ல ஏதும் சண்டையா என்று குரலைத் தாழ்த்தி, அடுத்த ஊருக்குக் கேட்கும்படி கேட்டாள். யோசிக்கிறேன் ஃபெர்ன் என்றேன். ஐயோ பாவம், நீ யோசிச்சு நான் பார்த்ததே இல்லையே என்று பலகாரத்தை என் கையில் திணித்தாள். உன் டீச்சரும் வந்தார். அவர் ஒன்றும் கெஞ்சவில்லை, ஜோலீன் சௌக்கியமா, எப்ப வருவா என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் வருவா என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்திருக்க வேண்டும், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கமே திரும்பிப் போனார், அங்கே ஆறு பேரும் கலையவும் மனமில்லாமல் நிற்கவும் முடியாமல், ரயில் போன பிறகு நடைமேடையில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

இந்த நேரத்தில்தான் உன் அப்பா வந்திருக்கிறார். அவர்கள் கட்சியில் வேலை சுருக்கம், சீட்டில் பேரை எழுதிப் போட்டுவிட்டுப் பிரசங்கத்துக்கு இருக்காமல் நழுவிவிட்டார். வண்டியில் என் கோட்டைப் பார்த்து, கிழவிக்குக் குளிருமே என்று கோட்டையும் என் ஊதா நிறக் கம்பளித் தொப்பியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், வாசலில் நின்றவனிடம் ஹாலோவெல் பக்கம் எது என்று மட்டும் கேட்டாராம். நேராக ஜன்னலோரம் போய் ஒரு குட்டி நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டி, அதன் தலையில் தொப்பியைக் கவிழ்த்துவிட்டு, காபி மேசைக்குப் போய்விட்டார். நான் இவர் வந்ததையே பார்க்கவில்லை, கேரட்டில் இருந்தேன். அரைமணி முடிந்து ஆர்வில் மறுபடி எண்ண வந்தார். அவருக்கு இடது கண்ணில் புரை, அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், வலது கண்ணால் தூரத்திலிருந்தே பென்சிலை ஆட்டி எண்ணிக்கொண்டு வந்தவர், ஜன்னல் பக்கம் ஏழு, ஹாலோவெல் தேறியாச்சு என்று அறிவித்தார். அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அந்த ஆறு பேருக்கும் யார் அந்த ஏழாவது ஆள் என்று தெரியவில்லை, ஆனால் வந்த அதிர்ஷ்டத்தைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று கை தட்டினார்கள். ஃபெர்ன் விடுவாளா. மொத்தத்துல ஒன்னு கூடுது ஆர்வில், திரும்ப எண்ணுங்க என்று முன்னால் வந்தாள். ஆர்வில் இந்தத் தடவை கிட்டப் போய் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழாவது தலையைத் தொட்டபோது தொப்பி கீழே விழுந்தது, அடியில் ஆளில்லை. ஃபெர்ன் அப்படியே கூரை இடிய, இது கோட்டுய்யா, ஆள் இல்ல, கோட்டுக்கெல்லாம் எப்பலேர்ந்து ஓட்டு குடுத்தீங்க என்று கத்தினாள். அறை முழுக்கச் சிரிப்பு. ஃப்ளாய்டு என் காதருகில், அந்தக் கோட்டு என்னைவிடச் சீக்கிரம் முடிவு பண்ணிடுச்சே என்றார்.

அப்புறம்தான் யாரோ பொத்தானைப் பார்த்து, இது வில்மா பெனேஷ் கோட்டாச்சே என்றார்கள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு கையில் ஆப்பிள் பலகாரம், பின்னால் குப்பைத்தொட்டி, அதுதான் உன் அம்மா. ஆர்வில் காபி மேசையைப் பார்த்து, யோவ் லெஸ்டர், உன் பொண்டாட்டி கோட்டை எதுக்குய்யா இங்க கொண்டுவந்து மாட்டின என்று கேட்டார். உன் அப்பா வாய் நிறைய ரொட்டியோடு திரும்பினார். அவர் முகத்தில் குழப்பம்கூட இல்லை, ஏதோ முட்டாள்தனமான கேள்வி கேட்டுவிட்டார்கள் என்பது போல மென்று விழுங்கிவிட்டு, வேற எங்க மாட்டறது என்று கேட்டார்.

அவ்வளவுதான் ஜோலீன். அவருக்கு என்னைத் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. தொழுவத்துக்கு எந்தப் பக்கம் கதவு என்று யோசித்துப் பார்த்துப் போகிற மனுஷனா அவர். அந்தக் கட்சியையே பிடிக்காதவர், உன் கவர்னரைச் சோப்பு விற்கிறவன் மாதிரி இருக்கான் என்று சொன்னவர், மகள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அவள் அம்மாவின் நாற்காலி இருக்கும் என்பதில் ஒரு நொடி சந்தேகப்படவில்லை. நீயும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, அயோவாவில் எங்கம்மாவே அவருக்குத்தான் நிற்கிறார் என்று நீ சொல்லியிருப்பாய். சொன்னாயா? சொல்லியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். பலகாரத்தை ஃப்ளாய்டிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். அந்த உணவறை ஒன்றும் பெரியதில்லை, ஆனால் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது, நான் ஒரு அடி வைத்தால் நீ எங்கேயோ ஒரு ஊர் தள்ளிப் போவது போல இருந்தது. நடுவில் ஃபெர்ன், ஏய் வில்மா, முடிவு பண்ணலைன்னு சொன்னியே என்று வழி மறித்தாள். நான் பண்ணல ஃபெர்ன், என் கோட்டு பண்ணிடுச்சு, குளிருது, போய் அதுக்குள்ள பூந்துக்கறேன் என்றேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்குள்ளேயே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டேன். ஆர்வில் என் தலையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, ஏழு, உயிரோட என்றார். உன் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அழுவது ஜெயித்த சந்தோஷத்தில் என்று நினைத்து, எனக்கும் அப்படித்தான் ஆரம்பத்துல அழுகை வந்துச்சு என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாவட்ட மாநாட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிரதிநிதி போக வேண்டும் என்றதும் ஆறு பேருக்கும் ஆறு வேலை வந்துவிட்டது, ஒருவர் வீட்டில் பசு கன்று ஈனுகிற காலம், ஒருவருக்குப் பாட்டுக் குழு. ஆக மார்ச் மாதம் உன் கவர்னர் சார்பில் நான்தான் போகிறேன், கோட்டை மட்டும் அனுப்பினாலும் போதும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை வானொலியில் முடிவைச் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். விட்டேக்கர் முதலாவது, ஹாலோவெல் மூன்றாவது. எங்கள் ஏழு பேரால் ஒன்றும் ஆகிவிடவில்லை, நான் குப்பைத்தொட்டிப் பக்கமே நின்றிருந்தாலும் அவர் மூன்றாவதாகத்தான் வந்திருப்பார். இருந்தாலும் வானொலிக்காரன் மூன்றாவது என்றதும் நான் அனுப்பிவைத்த மாதிரியே இருந்தது, வாசலில் நின்று கையசைத்து நானே பஸ் ஏற்றிவிட்ட மாதிரி. உன் அப்பா கையில் முட்டைக் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்ப அவ தெக்க போவாளா என்றார். போவா என்றேன். கூடையை மேசையில் வைத்துவிட்டு, ஜெயிச்சோமா தோத்தோமா நாம என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் மாடிக்குப் போய் உன் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, வெப்பம் வீணாகாமல் இருக்கட்டும் என்றுதான், வேறொன்றுமில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை உன் ஊரில் வாக்கெடுப்பு. அதற்குப் பிறகு தெற்கு மாநிலங்கள், அதற்குப் பிறகு எங்கேயோ, அவர் ஜெயித்துக்கொண்டே போனால் கடைசியில் வாஷிங்டன். இத்தனை மாநிலமா இந்த நாட்டில் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லிக் கொடுத்தபோது இவ்வளவு அகலமாகத் தெரியவில்லை. நீ போ. நல்ல ஆளுக்காகத்தான் போகிறாய், அதை ஓட்டு போடுகிறவளாகச் சொல்கிறேன். பெற்றவளாகச் சொல்ல என்னிடம் இருப்பது வெறும் சில்லறை விஷயங்கள்தான். ஈரக் காலுறையோடு படுக்காதே. காபியில் சர்க்கரையைக் குறை, போன தடவை பார்த்தபோதே பின்கடைவாயில் ஒரு சொத்தை ஆரம்பித்திருந்தது, அங்கே யாரிடமாவது காட்டு, குழாய் பிடிக்கிறவளிடம் அரசியல் பேசாதே, அவள் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியாது, உன் வாயும் திறந்திருக்கும். ஃபெர்னின் அண்ணன் மகளை வழியில் பார்த்தால் சிரித்துப் பேசு, அவளுக்கும் வீடு தூரம்தான்.

கடவுள் உன் கூடவே நடக்கட்டும், நடக்க முடியாத இடத்தில் தோளில் கை போட்டுக்கொள்ளட்டும். நீ போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருத்தி உனக்குச் சூடாக ஏதாவது கொடுக்கட்டும். கடைசியாக ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கதவைத் தட்டும்போது என் வயதில் ஒருத்தி திறந்து, நான் இன்னும் முடிவு பண்ணலம்மா, உள்ள வா, கொஞ்சம் எடுத்துச் சொல்லு என்றால், அவளை நம்பாதே. அவள் எப்போதோ முடிவுசெய்துவிட்டாள். நீ கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாள். உட்கார்ந்துவிட்டுப் போ.

ஏழாவது ஆளாக எண்ணப்பட்ட
உன் அம்மா,
வில்மா பெனேஷ்